கெட்டி அட்டையா, சாதா அட்டையா? முதலில் முதுகைப் பாருங்கள்

8.11.2025, அரூரிலிருந்து ஒரு வாசகர்

ஆயிரம் பக்கத்தைத் தொடும் ஒரு சரித்திர நாவல் வாங்கப் போகிறேன். கெட்டி அட்டை 950 ரூபாய், சாதா அட்டை 650. பரிசு கொடுக்க அல்ல. நான் படித்து, பிறகு பிள்ளைகள் படிக்க. பழைய ஓட்டு வீடு, சுவரில் கரையான் உண்டு. முந்நூறு ரூபாய் கூடக் கொடுப்பது புத்தியா, வீண் ஜம்பமா? கெட்டி அட்டைதான் காலத்துக்கும் நிற்கும் என்பது என் கட்சி.

8.11.2025, இரவு

அட்டை நிற்கும். உள்ளே இருக்கிற தாள் நிற்குமா என்பதுதான் கேள்வி.

கடையில் புத்தகத்தை எடுத்தவுடன் எல்லோரும் முன் அட்டையைத் தடவிப் பார்க்கிறார்கள். நான் புத்தகத்தை மூடியபடியே பிடித்து, முதுகின், அதாவது தாள்களைச் சேர்த்துக் கட்டியிருக்கும் பக்கத்தின், மேல் விளிம்பை உற்றுப் பார்ப்பேன். தாள்கள் சின்னச் சின்னக் கட்டுகளாக மடிந்து நின்றால் (அப்படி ஒரு கட்டுக்குப் பாரம் என்று பெயர்) அது பாரம் பாரமாக மடித்துத் தைத்த புத்தகம். மடிப்பே இல்லாமல், கத்தியால் சீவிய நேர்கோடாக இருந்தால் பசை மட்டும்தான். சந்தேகமாக இருந்தால் நடுப்பக்கங்களை விரித்துப் பாருங்கள். ஒரு பாரம் 16 பக்கம் என்றால் அதன் நட்டநடுவில் நூல் தெரியும். 8-ஆம் பக்கத்துக்கும் 9-க்கும் இடையில் ஒன்று, பிறகு 24-க்கும் 25-க்கும் இடையில், பிறகு 40, 41. அங்கே நூல் இருந்தால் அட்டை எதுவானாலும் வாங்கலாம்.

கெட்டி அட்டை என்று விற்கிறவற்றில் பலவற்றின் உள்ளே வெறும் பசைக்கட்டுதான் இருக்கிறது. சாதா அட்டைக்குத் தயாரித்த அதே கட்டின் மேல் பலகை போன்ற அட்டையை மாட்டிவிடுகிறார்கள். அதற்கு முந்நூறு ரூபாய் கூடக் கொடுப்பது, கூரை ஒழுகும் வீட்டுக்குத் தேக்குக் கதவு வைப்பதுதான்.

9.11.2025

பக்க எண் பற்றி ஒரு திருத்தம். சில பதிப்பாளர்கள் தலைப்புப் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். சிலர் முன்னுரைக்குத் தனியாக எண் போட்டுவிட்டு, கதை தொடங்கும் இடத்தில் மறுபடி 1 போடுவார்கள். எனவே அச்சிட்ட எண்ணை நம்பாமல் முதல் தாளிலிருந்து நீங்களே எண்ணுங்கள். 32 பக்கப் பாரமாக இருந்தால் 16, 17-க்கு நடுவில் பார்க்க வேண்டும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

முதுகின் இரு முனையிலும் சிவப்பு-வெள்ளைப் பட்டி ஒன்று ஒட்டியிருப்பார்களே, அதைப் பார்த்துத் தையல் என்று ஏமாற வேண்டாம். ஒரு காலத்தில் அதைக் கையால் தைத்தார்கள். இன்று முழம் கணக்கில் வாங்கி வெட்டி ஒட்டுகிற அலங்காரம் அது.

9.11.2025, மாலை

"சாதா அட்டையில் தையல் போட்ட புத்தகமே கிடையாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இருக்கிறது. குறைவு, ஆனால் இருக்கிறது. என்னிடம் இருப்பவற்றில் மிக நன்றாக உழைத்தவை அவைதான். மேசையில் விரித்து வைத்தால் கல் வைக்காமலே விரிந்து கிடக்கும்.

12.11.2025

இங்கே பதில் எழுதிக்கொண்டிருக்கிற நான் மாங்கூழ் ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறவள். வீடு காவேரிப்பட்டணம், வேலை கிருஷ்ணகிரிப் பக்கம். என் படிப்பெல்லாம் பஸ்ஸில்தான். ஒரு கை கம்பியில், ஒரு கை புத்தகத்தில். இந்த நிலையில் சாதா அட்டைக்கு ஒரு பெரிய வசதி உண்டு. முன்பாதியைப் பின்னால் மடித்து ஒரே கையில் பிடிக்கலாம். புத்தகத்துக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை என்று தெரியும், தெரிந்தும் செய்கிறேன். பசைக்கட்டுப் புத்தகம் இப்படி மடிக்கப்படும்போது முதலில் முதுகில் ஒரு வெள்ளைக் கோடு விழும். பிறகு அந்தக் கோட்டுக்கு நேர் உள்ளே பசை இரண்டாகப் பிளக்கும். அதற்கப்புறம் அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் ஒரு தாள் கையோடு வரும்.

கெட்டி அட்டையை மடிக்க முடியாது. அதனாலேயே அது பிழைக்கிறது. அதன் மேலுறைதான் தொல்லை. வியர்த்த கையில் உறை ஒரு பக்கம் நழுவ, புத்தகம் ஒரு பக்கம் நழுவும். வாங்கிய அன்றே உறையைக் கழற்றி பீரோவில் போட்டுவிடுவேன். புத்தகம் ஒரு இடத்தில், உறை ஒரு இடத்தில் என்று என் வீட்டில் பல ஜோடிகள் பிரிந்து வாழ்கின்றன.

13.11.2025

கனம் பற்றி மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். கெட்டி அட்டை கனம், கை வலிக்கிறது என்கிறீர்கள். நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். நேற்று மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்த பிறகு கணக்குப் போட்டேன். கணக்கு நம் தொழில் அல்லவா!

டெமி அளவு என்றால் எட்டரை அங்குலம், ஐந்தரை அங்குலம். ஆயிரம் பக்கம் என்றால் ஐந்நூறு தாள். எல்லாவற்றையும் தரையில் பரப்பினால் ஏறத்தாழ 15 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 70 கிராம் தாள் என்றால் தாள் மட்டுமே ஒரு கிலோவுக்குச் சற்று மேல். கெட்டி அட்டை இரண்டு பலகையும் சேர்ந்து நூறு கிராம் சொச்சம்தான். ஆக, கனம் தாளில் இருக்கிறது. 80 கிராம் மேப்லித்தோத் தாளில் அச்சிட்ட சாதா அட்டைப் புத்தகம், 60 கிராம் தாளில் அச்சிட்ட கெட்டி அட்டைப் புத்தகத்தைவிடக் கனமாக இருக்கும். அட்டையைத் திட்டிப் பயனில்லை.

பஸ்ஸில் கை வலிப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. கெட்டி அட்டை வளைந்து கொடுப்பதில்லை. விரல் ஒரே இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது.

படுத்துக்கொண்டு படிக்கிறவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. தூக்கம் வந்து கை தளர்ந்தால் சாதா அட்டை மூக்கில் பரவி விழும். கெட்டி அட்டை மூலையோடு விழும்.

16.11.2025

ஓசூர் அச்சகத்தில் வேலை பார்க்கும் தம்பி பசை பற்றி விளக்கமாக எழுதியிருக்கிறார். அவர் சொன்னதை என் அனுபவத்தோடு சேர்த்துச் சொல்கிறேன். இயந்திரத்தில் முதலில் முதுகை அராவிச் சொரசொரப்பாக்குகிறார்கள். பிறகு 150 டிகிரிக்கு மேல் உருக்கிய ஹாட்மெல்ட் பசையைத் தடவி, அட்டையை வைத்து அழுத்துகிறார்கள். சில நொடிகளில் வேலை முடிந்தது. மலிவு, வேகம். ஆனால் சூட்டில் உருகிய பசை சூட்டில் இளகவும் செய்யும். ஆண்டுகள் போகப் போக, குளிர் பட்டால் விறைத்து உடையவும் செய்யும். நம் ஊரில் இரண்டும் உண்டு. சித்திரை மாதம் தருமபுரி வெயிலில் காரின் பின்கண்ணாடி ஓரத்தில் ஒரு நாவலை வைத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போனோம். சாப்பிட்டு வந்து பார்த்தால் முதுகு கோணி, தாளெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அது மறுபடி நேராகவே இல்லை. மார்கழியில் ஓசூர், தளிப் பக்கம் பழைய பசைக்கட்டுப் புத்தகத்தைச் சட்டென்று விரித்துப் பாருங்கள், முறுக்கு உடைகிற சத்தம் கேட்கும்.

பாலியூரித்தேன் பசை என்று ஒன்று இருக்கிறது. அது காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து இறுகும். இறுகிய பிறகு மறுபடி உருகாது. நன்றாக விரித்துப் படிக்கலாம், தாள் கழலாது. விலைதான் கூடுதல். வெளியிலிருந்து பார்த்து இந்தப் பசையா அந்தப் பசையா என்று சொல்ல எனக்குத் தெரியாது. தம்பிக்குத் தெரிந்தால் எழுதட்டும்.

16.11.2025, இரவு

தம்பி பதில்: "பார்த்துச் சொல்வது கஷ்டம் அக்கா. பாலியூரித்தேன் என்றால் முதுகில் பசை மெல்லிசாக இருக்கும். மற்றது தடியாக இருக்கும்."

நன்றி. அடுத்த முறை கடைக்காரர் இன்னும் முறைப்பார்.

20.11.2025

அரூர் ஐயா கரையானைக் கேட்டிருந்தார், நான் மறந்தே போனேன். பூச்சிதான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிற விஷயம்.

என் மாமனார் தொடர்கதை சேர்க்கிறவர். அந்தக் காலத்தில் பல வீடுகளில் இந்தப் பழக்கம் இருந்தது. வார இதழிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து, வாரம் வாரம் அடுக்கி, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துக் கட்டி வாங்குவார்கள். நம் வீடுகளில் கெட்டி அட்டைப் புத்தகம் என்றால் முக்கால்வாசி அவைதான். கடையில் வாங்கியவை அல்ல. முதுகுக்குக் காலிகோ துணி, பலகைக்கு மார்பிள் தாள், முதல் பக்கத்தில் மாமனாரின் கையெழுத்து. கதையின் ஓவியங்களோடு பின்பக்கத்துச் சோப்பு விளம்பரமும் கால்வலித் தைல விளம்பரமும் சேர்ந்தே இருக்கும். இன்று அந்தக் கதைகளெல்லாம் புதுப் பதிப்பாகக் கிடைக்கின்றன. ஆனால் அந்த ஓவியமும் விளம்பரமும் பல பதிப்புகளில் இல்லை. அதனால் நான் அவற்றை விடமாட்டேன்.

போன வருஷம் அலமாரியைச் சுத்தம் செய்யும்போது ஒன்றை எடுத்தேன். வெளியில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. திறந்தேன். அட்டையும் புத்தகமும் சேரும் கீல் இருக்கிறதே, அந்த இடத்தில் துணியின் மேல்பூச்சு முழுக்கச் சுரண்டப்பட்டு, இழைகள் சல்லடையாகத் தெரிந்தன. அட்டையின் உள்பக்கத்து ஒட்டுத் தாளில் ஓட்டைகள், ஓட்டைகளைச் சுற்றி மேல்தோல் மட்டும் மேயப்பட்ட வெளிறிய திட்டுகள். மிளகுத்தூள் சிந்தியது போன்ற எச்சம். கதைப் பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை! வெள்ளியாக ஒன்று மடிப்புக்குள்ளிருந்து ஓடி மறைந்தது. இராமபாணப் பூச்சி.

காரணம் எளிது. அதற்கு வேண்டியது மாவுச்சத்து. பழைய பைண்டிங்கில் பசை என்றால் மைதா பசை. நம் மாவட்டங்களில் புளிக்குப் பஞ்சமில்லை, புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசையும் இருந்தது. காலிகோவின் மொடமொடப்பே கஞ்சிதான். ஆக, நாம் காலத்துக்கும் நிற்கட்டும் என்று ஆசையாகக் கட்டிய கெட்டி அட்டையைத்தான் பூச்சி முதலில் விரும்பிச் சாப்பிடுகிறது. ஹாட்மெல்ட் பசையை அது சீந்துவதில்லை. பக்கத்திலேயே இருந்த சாதா அட்டை மாத நாவல்கள் தப்பித்தன.

விவரம் தெரிந்த பைண்டர்கள் பசை காய்ச்சும்போது கொஞ்சம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பார்கள். பூச்சி அண்டாது. அது விஷம், வீட்டில் பசை காய்ச்சுகிறவர்கள் சமையல் பாத்திரத்தில் கை வைக்காதீர்கள்.

21.11.2025

பூச்சிக்கு வேப்பிலை வைக்கலாமா என்று பாலக்கோட்டு ஆசிரியை கேட்கிறார். என் மாமியாரும் அந்தக் கட்சிதான். நிழலில் நன்றாகக் காய்ந்த இலையாக இருந்தால் சரி. பச்சையாக வைத்தால் அதன் ஈரமே பூச்சிக்கு அழைப்பிதழ். வசம்புத் துண்டு நல்லது, வாசனை போன பிறகு மாற்ற வேண்டும். எல்லாவற்றையும்விட, எடுத்துத் தட்டிப் படிக்கிற புத்தகத்தில் பூச்சி குடியிருக்காது.

கரையான் வேறு ஜாதி. அதற்குப் பசையும் வேண்டும், தாளும் வேண்டும், அலமாரியும் வேண்டும். அது அட்டை வித்தியாசம் பார்ப்பதில்லை. சுவர் வழியாக மண் பூசிக்கொண்டு வரும். அரூர் ஐயா, உங்கள் ஓட்டு வீட்டில் மர அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். இரும்பு அலமாரி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. அந்த முந்நூறு ரூபாயை இதில் போடுங்கள்.

24.11.2025

கரையானோடு நிறுத்தியிருக்கலாம், மழை வந்துவிட்டது.

ஐப்பசி மழையில் சாதா அட்டை மேல்நோக்கிச் சுருண்டு எழுவதைப் பார்த்திருப்பீர்கள். அட்டையின் வெளிப்பக்கம் மட்டும் லேமினேஷன். உள்பக்கம் வெறும் தாள். ஈரத்தை உள்பக்கம் குடித்து விரிகிறது, வெளிப்பக்கம் விரிய முடியவில்லை, எனவே அட்டை வெளியே வளைகிறது. வெயில் வந்தால் ஓரளவு படியும். கெட்டி அட்டையும் வளையும், ஆனால் மெதுவாக. வளைந்தால் மெதுவாகத்தான் திரும்பும். மேலே கனமான புத்தகம் வைத்து, அவசரப்படாமல் விட வேண்டும். வெயிலில் காயவைக்காதீர்கள். வடகம் அல்ல.

30.11.2025

ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார்: வெளிநாட்டில் முதலில் கெட்டி அட்டை, ஒரு வருஷம் கழித்துத்தான் சாதா அட்டை, அதுதான் ஒழுங்கு, நாமும் அப்படிச் செய்ய வேண்டும் என்று. அது அங்கே வியாபார ஒழுங்கு. காத்திருக்க முடியாதவரிடமும் நூலகங்களிடமும் அதிக விலை, காத்திருக்கிறவரிடம் குறைந்த விலை. 1935-இல் ஆலன் லேன் பென்குவின் புத்தகங்களை ஆறு பென்ஸுக்கு இறக்கியபோது அங்கேயே அந்த ஒழுங்கு கலகலத்துப் போனது. நம் பக்கம் அந்த வரிசை பெரிதாக இருந்ததே இல்லை. பெரும்பாலான தமிழ்ப் புத்தகம் பிறப்பதே சாதா அட்டையில்தான். கெட்டி அட்டை என்பது முழுத்தொகுப்பு, அகராதி, உரைநூல், சிறப்புப் பதிப்பு ஆகியவற்றுக்கு. 1969-இல் மாதம் ஒரு நாவலாக ராணி முத்து இதழ் வந்தபோது எங்கள் அம்மா மாதிரி ஆட்களுக்கு முழு நாவல் பத்திரிகை விலையில் கைக்கு வந்தது. அதற்கு அட்டை எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அம்மா படித்து, பக்கத்து வீடு படித்து, பிறகு ஊரே படித்து, கடைசியில் கம்பித் தையல் துருப்பிடித்துத் தாளில் பழுப்புக் கறை விட்டுச் செத்தது. அதன் வேலையை அது செய்துவிட்டுத்தான் செத்தது.

 

3.12.2025

இந்த ராணி முத்துப் பத்தியை எழுதிய பிறகு எனக்கே ஒரு யோசனை. எல்லாவற்றுக்கும் தையல் வேண்டும் என்று நான் ஆரம்பத்தில் அடித்துச் சொன்னது கொஞ்சம் அதிகம். பஸ்ஸில் ஒரு தடவை படித்து யாருக்காவது கொடுக்கப் போகிற துப்பறியும் நாவலுக்குத் தையல் எதற்கு? அதற்குப் பசைக்கட்டே போதும். திரும்பத் திரும்ப எடுக்கிற புத்தகம் என்றால் நூல் வேண்டும். அகராதி, செய்யுள் உரை, சமையல் புத்தகம் மூன்றுக்கும் நூலும் வேண்டும், கெட்டி அட்டையும் வேண்டும். சமையல் புத்தகம் ஏனென்றால், மாவுக் கையோடு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. அது தானாக விரிந்து கிடக்க வேண்டும்.

7.12.2025

"பசைக்கட்டுப் புத்தகத்தை வாங்கி, உள்ளூர் பைண்டரிடம் கொடுத்துக் கெட்டி அட்டை போட்டுக்கொண்டால் லாபம் அல்லவா?" காரிமங்கலத்திலிருந்து வந்த கேள்வி. லாபம்தான், ஆனால் முன்கூட்டியே நாலு வார்த்தை பேசிவிட்டுக் கொடுங்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

பாரமாக மடிக்காத, தனித்தனித் தாளாக இருக்கிற புத்தகத்தை நடுவில் தைக்க முடியாது. எனவே பைண்டர் பக்கவாட்டில் துளை போட்டுக் குறுக்கே தைப்பார். கோர்ட்டுக் கட்டும் கணக்குப் பேரேடும் கட்டிப் பழகிய கை. இழுத்துக் கட்டினால் யானை இழுத்தாலும் வராது. ஆனால் உள் ஓரத்தில் அரை அங்குலம் தையலுக்குள் போய்விடும். நம் பதிப்பாளர்கள் பலர் உள் ஓரத்தில் விடுவதே கொஞ்சம்தான். வரியின் கடைசிச் சொல் பள்ளத்துக்குள் விழும், இரண்டு கையாலும் பிளந்து பிடித்தால்தான் படிக்கலாம். கிளை நூலகங்களில் ரெக்சின் போட்டுக் கட்டிய பழைய நாவல்களை எடுத்தவர்களுக்கு இது தெரியும்.

அதைவிடக் கொடுமை, மூன்று பக்கமும் ஓரம் வெட்டுவது. எனக்குப் பக்க ஓரத்தில் பென்சிலில் குறிப்பு எழுதும் பழக்கம். ஒரு உரைநூலைக் கட்டக் கொடுத்தேன். "பளிச்சென்று இருக்கட்டும் அம்மா" என்று அவர் தாராளமாக வெட்டிக் கொடுத்தார். இன்று என் குறிப்புகளெல்லாம் பாதிப் பாதியாக நிற்கின்றன. "இது தவ", "முன்பு சொன்னதற்கு மா", "மாமா இதை ஏற்கமா". நல்ல மனிதர், வேலை சுத்தம், அதனால் யார் என்று சொல்லமாட்டேன்.

எனவே சொல்லிக் கொடுங்கள்: ஓரம் வெட்ட வேண்டாம், தையல் கால் அங்குலத்துக்குள் இருக்கட்டும், பசையில் துத்தம் போடுங்கள்.

7.12.2025, இரவு

பாதிக் குறிப்புகளைப் பற்றிச் சிரித்தவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். பாதி வெட்டுப்பட்டதால் அவற்றில் சிலவற்றை இப்போது நேர் எதிர்க் கருத்தாகவும் படிக்க முடிகிறது.

10.12.2025

தருமபுரி அண்ணா ஒருவர் பெரிய நாவலைப் பிளேடால் மூன்று துண்டாக அறுத்து, ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டு சேலம் போய் வருவதாக எழுதியிருக்கிறார். உடனே எட்டுப் பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். சரசுவதி பூஜைக்கு மஞ்சள் குங்குமம் வைக்கிற பொருளை அறுப்பதா என்று.

எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. பசைக்கட்டு எப்படியும் பிளக்கப் போகிறது, அவர் பிளக்கும் இடத்தைத் தானே முடிவு செய்கிறார். அத்தியாயம் முடிகிற இடத்தில் அறுத்து, முதுகுக்கு ஒரு துணிப் பட்டை ஒட்டினால் படித்து முடிக்கும்வரை தாங்கும். தைத்த புத்தகத்தில் மட்டும் இந்த வேலை வேண்டாம். நூல் அறுந்தால் பாரம் பாரமாக உதிரும். என் மாமியாரிடம் இதைச் சொல்லவில்லை.

பதிப்பாளர்களே இரண்டு பாகமாகப் போட்டால் இந்தப் பாவம் யாருக்கும் வராது.

15.12.2025

விலை பற்றி ஒரு சேதி. நம்மில் பலர் சென்னையிலிருந்து தபாலில் வரவழைக்கிறோம். புத்தகத்துக்கென்று இருந்த ஒரு சலுகைக் கட்டணத் தபால் 2024 டிசம்பரில் நின்றுபோனது. பதிவுத் தபாலும் 2025-இல் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. விரைவுத் தபாலில் வரவழைத்தால் எடைக்குத் தகுந்த காசு உறைக்கிறது. மேலே தராசுக் கணக்கில் சொன்ன அந்த நூறு கிராம், தபாலில் சில நேரம் அடுத்த எடைப் படிக்குத் தள்ளிவிடும். கெட்டி அட்டை வாங்குவதென்றால் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ புத்தகத் திருவிழா நடக்கும்போது நேரில் வாங்குங்கள். தள்ளுபடியும் கிடைக்கும். முதுகைப் பார்க்கவும் முடியும், தபாலில் வருவதற்கு முதுகு பார்க்கிற யோகம் இல்லை.

தபாலில் வருகிற கெட்டி அட்டையின் மூலைகள் நசுங்கி வருவது இன்னொரு தொல்லை. சாதா அட்டை நசுங்கினால் நிமிர்த்திவிடலாம். பலகை நசுங்கினால் நசுங்கியதுதான்.

22.12.2025

நூலகத்துக்கு எது நல்லது என்று கேட்டவருக்கு: தைத்தது. வீட்டுவரியோடு நாம் கட்டுகிற நூலக வரியில்தான் அந்தப் புத்தகங்கள் வருகின்றன. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கி வருகிற ஏற்பாடு அது. ஒரு புத்தகம் இருபது பேர் கைக்குப் போய்த் தாள் தாளாகத் திரும்பி வந்தால் அது நம் காசு. நூலகத்துக்கு வாங்குகிறவர்கள் பக்கக் கணக்கையும் அளவையும் பார்க்கிற அளவுக்குத் தையலையும் பார்த்தால், பதிப்பாளர்கள் தானாக நூல் போட ஆரம்பிப்பார்கள் என்பது என் எண்ணம். இதை எழுதி அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

4.1.2026

அரூர் ஐயா வாங்கிவிட்டாராம். கடையில் இரண்டையும் கேட்டு வாங்கி, எண்ணிப் பார்த்திருக்கிறார். இரண்டிலுமே நூல் இருந்திருக்கிறது! ஒரே கட்டு, மேலட்டை மட்டும் வேறு. "இப்போது என்ன செய்வது என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே அம்மா" என்று கேட்கிறார்.

நூல் இருந்தால் என் ஓட்டு சாதா அட்டைக்கு. முந்நூறு ரூபாய் மிச்சம், பிற்காலத்தில் அட்டை கிழிந்தாலும் பாரம் கெடாது, அன்றைக்குப் பைண்டரிடம் கொடுத்து நடுத்தையல் கெடாமல் கெட்டி அட்டை போட்டுக்கொள்ளலாம். அவர் கெட்டி அட்டையைத்தான் வாங்கியிருக்கிறார். "பிள்ளைகள் பார்க்க அழகாக இருக்கும்" என்றாராம். அதுவும் ஒரு காரணம்தான், நான் கணக்கில் சேர்க்காத காரணம்.

4.1.2026, பின்னிரவு

ஐயா, இன்னும் இரண்டு. அவ்வளவு தடிமனான கெட்டி அட்டைப் புத்தகத்தை அலமாரியில் நிறுத்தி வைக்காதீர்கள். அட்டை தாளைவிட ஓரத்தில் சற்று நீண்டிருப்பதால், உள்கட்டு அந்தரத்தில் தொங்கி, தன் கனத்தாலேயே முதுகிலிருந்து இறங்கும். படுக்க வையுங்கள், மேலே வேறு எதையும் அடுக்காமல்.

எங்காவது தாள் கிழிந்தால் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் பழுப்பாகி, பசை கசிந்து அடுத்த பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். மெல்லிய தாளும் மைதா பசையும் போதும். துத்தம் ஒரு சிட்டிகை.

5.1.2026

சிட்டிகை என்றால் உண்மையிலேயே சிட்டிகை. கையுறை போட்டுக்கொண்டு, குழந்தைகள் பள்ளிக்குப் போன பிறகு.